கேட் இல்லாத ஊரு... உஷார் பாஸ்!

பெர்லின் மெட்ரோ ஸ்டேஷனுக்குள் முதல் தடவை நுழையும்போது நீங்க திருதிருன்னு முழிக்கப் போறீங்க. சென்னை மெட்ரோவில் கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். இங்கே? கதவே இல்லை! கேட் இல்லை, செக்யூரிட்டி இல்லை. படியில் இறங்கினால் நேரா பிளாட்பாரம். ரயில் வந்தால் ஏறிக்க வேண்டியதுதான். 'அட, ஓசிப் பயணமா?' என்று மனசுக்குள் ஒரு குரங்கு குதிக்கும். அந்தக் குரங்கை அங்கேயே கட்டிப் போடுங்க.

நான் கட்டித்தான் போட்டேன். 2019 ஜூன் மாசம், மெஷினில் காசு போட்டு ஒழுங்கா டிக்கெட் வாங்கி பர்ஸில் பத்திரமா வச்சிருந்தேன். ரெண்டு ஸ்டேஷன் தாண்டியிருக்கும். ஜீன்ஸ், டி-ஷர்ட்டில் பக்கத்தில் நின்ற ஆள் திடீர்னு அடையாள அட்டையை நீட்டினார். சிரிச்சுக்கிட்டே டிக்கெட்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்ட ஒரே கேள்வி, "முத்திரை எங்கே?"

பிளாட்பாரத்தில் ஓரமா ஒரு சின்னப் பெட்டி இருக்குமாம். டிக்கெட்டை அதில் செருகினால் தேதியும் நேரமும் குத்தும். குத்தாத டிக்கெட்டும் வாங்காத டிக்கெட்டும் ஒண்ணுதான். ஃபைன் 60 யூரோ. அன்றைய கணக்குக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேலே! 'புதுசு சார், தெரியாது சார்' என்று எல்லா டயலாக்கும் விட்டுப் பார்த்தேன். அவர் கோபப்படவும் இல்லை, இரக்கப்படவும் இல்லை. ரசீது எழுதிக்கொண்டே இருந்தார்.

பணம் போனதைக்கூட விடுங்க. பெட்டி முழுக்க ஜனம், ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை. நம்ம ஊரா இருந்தா நாலு பேர் பஞ்சாயத்துக்கு வந்திருப்பாங்க. இங்கே ஒரு பாட்டி மட்டும் என்னைப் பார்த்துட்டு, சட்டுனு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. டிக்கெட் இல்லாமல் போவதற்கு ஜெர்மன் பேச்சு வழக்கில் 'கறுப்புப் பயணம்' என்று பெயர். தோல் நிறத்தைச் சொல்வதில்லை, நாம் கறுப்புச் சந்தை என்கிறோமே அந்த மாதிரி. தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பெட்டியில் கறுப்பா இருந்த ஒரே ஆள் நான்தான். டிக்கெட்டைக் கையில் வச்சுக்கிட்டே திருடனா நிற்பது எப்படி இருக்கும்னு யாருக்கும் சொல்லி விளக்க முடியாது.

எம்.எஸ். படிக்க ஜெர்மனி போற ப்ளான் உங்களில் பல பேருக்கு இருக்கும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லையே! அதனால் இந்த விஷயத்தை முன்னாடியே மண்டையில் ஏத்திக்கங்க. தாள் டிக்கெட் வாங்கினால் அதில் நேரம் குத்தியிருக்கான்னு பாருங்க. இந்த ஊரில் யாரும் உங்களைத் தடுக்க மாட்டாங்க. 'தம்பி, அதைச் செய்யாதே'ன்னு சொல்லவும் மாட்டாங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்!

ராத்திரி பதினோரு மணி, காலி ரோடு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டி இல்லை. ஆனாலும் சிவப்பு விளக்குக்கு நாலு பேர் நிற்பார்கள். நாமும் நிற்போம். அந்த விளக்கில் தொப்பி போட்ட குண்டு மனுஷன் ஒருத்தர் இருப்பார். பெயர் ஆம்பல்மான். 1961-ல் கிழக்கு பெர்லினில் கார்ல் பெக்லாவ் என்பவர் வரைந்த பொம்மை. ரெண்டு ஜெர்மனியும் சேர்ந்த பிறகு இவரைத் தூக்கப் பார்த்தார்கள். ஜனங்கள் சண்டை போட்டுக் காப்பாத்திட்டாங்க. ஓட்டலில் சும்மா 'வாட்டர்' கேட்டால் பெரும்பாலும் சோடா வரும், பில்லும் வரும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கிடுங்க. பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். ஆனால் பல பேர் காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வச்சுட்டுப் போறாங்க. பொறுக்குறவங்க தொட்டிக்குள் கையை விடக் கூடாதாம். ரயிலில் திரும்பிக்கிட்ட அந்தப் பாட்டி மேல் எனக்கிருந்த கோபம் இதைப் பார்த்ததும் கொஞ்சம் குறைஞ்சது.

ஊர் சுத்தக் கிளம்பினாலும் இதே கதைதான். பிராண்டன்பர்க் கேட் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 2,711 கான்கிரீட் கட்டைகள். நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவிடம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மன் வடிவமைத்து 2005-ல் திறந்தது. சுற்றி வேலி இல்லை, கட்டைகளில் ஒரு பெயர்கூட இல்லை. ஓரத்தில் உள்ளவை முழங்கால் உயரம். உள்ளே போகப் போகத் தரை இறங்குது, கட்டைகள் தலைக்கு மேலே வளருது, ரோட்டுச் சத்தம் அடங்கிடுது. கூட வந்தவர் எந்தச் சந்தில் திரும்பினார்னு தெரியாது. லேசா பயம் வரும்.

வெளியே வந்தால் கட்டை மேல் தாவித் தாவி செல்ஃபி எடுக்கிற கூட்டம்! 2017-ல் ஷஹாக் ஷபீரா என்ற எழுத்தாளர் ஒரு காரியம் செய்தார். இந்த மாதிரி 12 செல்ஃபிகளை இன்டர்நெட்டில் இருந்து எடுத்தார். போஸ் கொடுக்கிறவர்களை அப்படியே விட்டுவிட்டு, பின்னணியில் வதை முகாம்களின் நிஜப் படங்களைச் சேர்த்தார். பார்த்தவர்கள் ஆடிப் போனார்கள். படத்தில் இருந்த பல பேர் மன்னிப்புக் கேட்க, ஒரே வாரத்தில் படங்களை எடுத்துவிட்டார்.

நடக்கும்போது தரையையும் பாருங்க. நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைக் கல் மின்னும். 'இங்கே வாழ்ந்தார்' என்று ஆரம்பித்து ஒரு பெயர், பிறந்த வருஷம், பிடிச்சுக்கிட்டுப் போன தேதி, கொன்ற இடம். நாஜிகள் கொண்டுபோன ஒவ்வொருத்தருக்கும் அவங்க வீட்டு வாசலிலேயே ஒரு கல். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-ல் ஆரம்பித்தது, 2023-ல் ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. படிக்கணும்னா குனிஞ்சாகணும்.

பேபல்பிளாட்ஸ் சதுக்கத்தில் இன்னும் மோசம். பக்கத்திலேயே பல்கலைக்கழகம். 1933 மே 10-ம் தேதி ராத்திரி இங்கேதான் புத்தகங்களைக் குவிச்சு எரிச்சாங்க. எரிச்சதில் முன்னாடி நின்னது யார் தெரியுமா? மாணவர்கள்! நம்ம வயசுதான். இப்போ அங்கே தரையில் ஒரு கண்ணாடிச் சதுரம், அவ்வளவுதான். எட்டிப் பார்த்தால் கீழே வெள்ளை வெளேர்னு ஓர் அறை, சுத்தி புத்தக அலமாரி, ஒரு புத்தகமும் இல்லை. இருபதாயிரம் புத்தகம் வைக்கிற இடம். இஸ்ரேலியச் சிற்பி மீஹா உல்மன் 1995-ல் செய்தது. தெரியாதவங்க அது மேலேயே நடந்து போயிடறாங்க.

தமிழ் படிக்கத் தெரிஞ்ச யாருக்கும் அங்கே யாழ்ப்பாணம் ஞாபகம் வராமல் இருக்காது. 1981 ஜூன் தொடக்கத்தில் எரிஞ்சு சாம்பலான நூலகத்தில் இருந்தவை சுமார் 97 ஆயிரம் நூல்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்த ஊரிலும் நிறைய இருக்காங்க. சாயங்காலம் பச்சை மிளகாய் தேடி நுழைஞ்ச கடையில் கல்லாவில் இருந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்தே கேட்டார், "எந்த ஊர் தம்பி?" மதுரை என்றேன். கதையோடு கதையாக ஃபைன் கட்டினதையும் கொட்டிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் எண்பத்தஞ்சு தொடக்கத்தில மொஸ்கோவால வந்து கிழக்கு பெர்லின்ல இறங்கினனான். அங்க ரயிலேத்தி விட்டாங்கள். மற்றப் பக்கம் இறங்கினால் ஒருத்தரும் பாஸ்போட் கேக்கேல்லை!"

நம்பலாம், வரலாறும் அப்படித்தான் சொல்லுது. 28 வருஷம் பெர்லினை ரெண்டாப் பிளந்த சுவரை மேற்குத் தரப்பு எல்லையாகவே ஒத்துக்கொள்ளவில்லை. பாஸ்போர்ட் பார்த்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிடுமே! அதனால் பிரீட்ரிக் ஸ்ட்ராஸ ஸ்டேஷன் வழியா மேற்கே வந்தவங்களை நிறுத்தி பாஸ்போர்ட் கேட்கவில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் இந்த வழியா வந்து அகதியாப் பதிஞ்சாங்க. ரெண்டு அரசும் பேசி 1986-க்குள் அந்த வழியை அடைச்சுட்டாங்க. சொந்த ஜனங்கள் அந்தச் சுவரைத் தாண்டப் பார்த்துச் செத்துக்கிட்டிருந்த காலம் அது. குறைஞ்சது 140 பேர் அந்தச் சுவரில் செத்தாங்க. அந்த ஸ்டேஷன் பக்கத்தில் மேற்கே போறவங்களை வழியனுப்பி அழுத கூடத்துக்குக் 'கண்ணீர் மாளிகை'ன்னே பேர். இப்போ மியூசியம், டிக்கெட் கிடையாது, கட்டாயம் போங்க.

"அந்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்தீங்களா அண்ணே?"

"கையில ஒரு துண்டு தந்தவங்கள். குத்தினதோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? பயத்தில ஒண்டும் பாக்கேல்லை."

மிளகாய்க்குக் காசு வாங்க மறுத்துட்டார். பையைக் கையில் திணிச்சு வாசல் வரை வந்தவர், நான் தெருவைத் தாண்டின பிறகு அங்கிருந்தே கத்தினார்.

"தம்பி, போகேக்க குத்திப்போட்டு ஏறுங்கோ!"