மாறா வில்லையும் மாறும் வில்லையும்

புகைப்படக் கலை இக்காலத்து மாணவர் அனைவர்க்கும் எளிதிற் கைவந்ததொரு கலையாயிற்று. சட்டைப்பையில் அடங்கும் கைப்பேசியிலேயே காமிரா அமைந்துவிட்டமையால், படம் எடாதார் நம்மில் ஒருவரும் இலர் எனலாம். ஆயினும், அக்கருவிக்குக் கண்ணாக விளங்கும் வில்லையின் இயல்பை ஆராய்ந்தறிந்தார் சிலரே. தனிக் காமிரா வாங்கப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் வினா, 'பிரைம்' வில்லை வேண்டுமா, 'ஜூம்' வில்லை வேண்டுமா என்பது. அவ்விரண்டன் வேறுபாட்டை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வெகு தொலைவிலுள்ள ஒரு பொருளினின்று வரும் ஒளிக்கதிர்களை வில்லை ஓரிடத்திற் குவிக்கின்றது. வில்லைக்கும் அவ்விடத்திற்கும் இடையேயுள்ள தூரம் குவியத் தூரம் எனப்படும். 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடைய படப்பரப்பில், 24 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள வில்லை மூலைக்கு மூலை ஏறத்தாழ 84 பாகை அளவு காட்சியை அடக்கும். 50 மில்லிமீட்டர் வில்லை 47 பாகையும், 200 மில்லிமீட்டர் வில்லை 12 பாகையுமே அடக்கும். எனவே, குவியத் தூரம் குறுகக் குறுகக் காட்சி அகலும். நெடுகினால் காட்சி ஒடுங்கிச் சேய்மைப் பொருள் பெரிதாய்த் தோன்றும்.

குவியத் தூரம் ஒன்றாகவே நிற்பது பிரைம். வளையத்தைத் திருப்புங்கால் 24 முதல் 70 வரை, அல்லது 70 முதல் 200 வரை என மாறுவது ஜூம். இவற்றை முறையே மாறா வில்லை, மாறும் வில்லை என வழங்குவோம். மாறா வில்லை என்றமையால் அஃது அசைவற்றதென்று கொள்ளற்க. அண்மைக்கும் சேய்மைக்கும் ஏற்பப் பிம்பத்தைத் தெளிவாக்கும் அசைவு அதற்கும் உண்டு.

மாறும் வில்லையினுள்ளே கண்ணாடித் தொகுதிகள் சில முன்னும் பின்னும் நகர்கின்றன. அந்நகர்ச்சியில் பிம்பம் கலங்காமலும், நேர்கோடு வளையாமலும், ஓரங்களில் நிறம் பிரியாமலும் காத்தல் வேண்டும். அதன்பொருட்டுக் கண்ணாடிகள் பலவாகின்றன. 1902-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்துப் பால் ருடால்ப் என்பார் ஆக்கிய 'டெஸ்ஸார்' என்னும் மாறா வில்லை நான்கே கண்ணாடிகளால் அமைந்து பெரும்புகழ் பெற்றது. அதே 1902-இல் கிளைல் ஆலன் என்னும் அமெரிக்கர் மாறும் வில்லை யொன்றிற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் 35 மில்லிமீட்டர் புகைப்படக் காமிராவிற்கென மாறும் வில்லை முதன்முதல் விற்பனைக்கு வந்தது 1959-இலேயாம். 'போக்ட்லாண்டர் ஜூமார்' என்னும் அதனுள் 14 கண்ணாடிகள் இருந்தன.

இத்துணைக் காலத் தாழ்வுக்குக் காரணங்களுள் ஒன்று ஒளியின் இழப்பு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேற் படும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பியனுப்பிவிடும். டெஸ்ஸாரிற் காற்றைத் தொடும் பரப்புகள் 6. ஆதலின் நூற்றுக்கு 78 பங்கு ஒளி உட்செல்லும். அத்தகைய பரப்புகள் 20 உள்ள வில்லையிலோ 44 பங்கே மிஞ்சும். திரும்பிய ஒளி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935-இல் ஸைஸ் நிறுவனத்து அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா கண்டறிந்த மெல்லிய மேற்பூச்சு இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. மாறும் வில்லை பெருகியதற்கு அப்பூச்சும், பின்னர் வந்த கணிப்பொறியும் துணையாயின.

இனி, ஒளியைப் பற்றிய வேறுபாட்டைக் காண்போம். குவியத் தூரத்தை வில்லைத் துளையின் குறுக்களவால் வகுத்தால் வருவது 'எஃப்' எண். 50 மில்லிமீட்டர் வில்லையின் துளை 25 மில்லிமீட்டராயின் அதன் எண் 2. எண் சிறுத்தால் ஒளி பெருகும். விலை குறைந்த 50 மில்லிமீட்டர் மாறா வில்லைக்கு எண் 1.8 வரை இறங்கும். காமிராவோடு சேர்த்து விற்கப்படும் எளிய மாறும் வில்லையோ நீட்டிய நிலையிற் பெரும்பாலும் 5.6-இல் நின்றுவிடும். இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளி வேற்றுமை உண்டு. நாடக மேடையில் முன்னது ஒரு நொடியில் இருநூற்றில் ஒரு பங்கிற் பதிவு செய்வதைப் பின்னது இருபதில் ஒரு பங்கிற் பதிவு செய்யும். அதற்குள் நடிகர் கை அசைந்து படம் கலங்கிவிடும்.

இதற்கொரு சிறந்த சான்று, தாக்கரே 1844-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளியிட்ட 'பாரி லிண்டன்' என்னும் திரைப்படம். மின்விளக்கில்லாத பதினெட்டாம் நூற்றாண்டின் இரவை உள்ளவாறு காட்ட விரும்பிய அவர், நாசாவிற்காக ஸைஸ் செய்த 50 மில்லிமீட்டர் மாறா வில்லையைத் தேடிப் பெற்றார். அதன் எண் 0.7. அதன் துணையால் மெழுகுவர்த்தி ஒளியிலேயே காட்சிகள் படமாயின. தெளிவாய் விழும் ஆழம் மிகக் குறுகியதாதலின், நடிகர்கள் பெரிதும் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. அதே படத்திற் குப்ரிக் 24 முதல் 480 மில்லிமீட்டர் வரை நீளும் மாறும் வில்லையையும் கையாண்டார். ஒரு சிறு காட்சியிற் தொடங்கி மெல்ல மெல்ல விரிந்து, பரந்த நிலப்பரப்பில் மாந்தர் சிறுத்து நிற்பதைக் காட்டும் இடங்கள் அதனால் அமைந்தவை. ஒன்று செய்ததை மற்றது செய்திருக்க இயலாது.

பலரும் நோக்காது விடும் செய்தி இனிமேற்றான் வருகின்றது. வளையத்தைத் திருப்புவதும் காலால் நடப்பதும் ஒன்றே எனப் பலர் கருதுவர். அஃது அவ்வாறன்று. பிம்பத்தின் அளவு, குவியத் தூரத்தைப் பொருளின் தொலைவால் வகுத்தால் வரும் ஈவுக்கேற்ப அமையும். தோழர் ஒருவர் நமக்கு 2 மீட்டர் தொலைவிலும், மணிக்கூண்டு 20 மீட்டர் தொலைவிலும் உள்ளன எனக் கொள்வோம். நின்ற இடத்திலேயே 35 மில்லிமீட்டரிலிருந்து 105 மில்லிமீட்டருக்கு வளையத்தைத் திருப்பினால், தோழரும் மும்மடங்கு பெருகுவார். கூண்டும் மும்மடங்கு பெருகும். அவ்விருவகைப் பொருளின் உறவு மாறவில்லை. படத்தின் எல்லையே ஒடுங்கிற்று. இனி, 4 மீட்டர் பின்வாங்கி 105 மில்லிமீட்டரில் எடுப்போம். தோழர் 6 மீட்டர் தொலைவினராகி முதற்படத்தில் இருந்த அளவிலேயே தோன்றுவார். கூண்டோ 24 மீட்டர் தொலைவினதாயும் முன்னையினும் இரண்டரை மடங்கு பெரிதாய் அவர் தோளையடுத்து எழுந்து நிற்கும். உறவை மாற்றியது கால்; எல்லையை மாற்றியது வளையம். முகத்தை மிக அண்மையில் எடுப்பார், மூக்குப் பெருத்துக் காது சிறுத்ததற்கு வில்லையைப் பழிப்பதும் இதனை அறியாமையாலேயே. குற்றம் நின்ற இடத்தினது.

கைப்பேசி வைத்திருப்பார்க்கும் இது பொருந்தும். பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ளவை இரண்டு மூன்று மாறா வில்லைகளே. திரையில் இருவிரலை விரிக்குங்கால் ஒரு வில்லையிலிருந்து மற்றொன்றிற்குத் தாவுவதும், இடைப்பட்ட நிலைகளிற் படத்தின் ஓரங்களை வெட்டி நடுவைப் பெருக்குவதுமே நிகழ்கின்றன. வெட்டப்பட்ட பகுதியிலுள்ள நுணுக்கம் வீணாகின்றது. ஆதலின், அணுக இயலுமிடத்து அணுகி எடுத்தலே நன்று.

அங்ஙனமாயின் எவ்வில்லை சிறந்தது? விளையாட்டுக் களத்தினும், திருமண வீட்டினும், வில்லை மாற்ற நேரமில்லாத நெடும்பயணத்தினும் மாறும் வில்லைக்கு நிகரில்லை. குறைந்த ஒளியினும், குறைந்த பொருட்செலவினும், இலேசாய்ச் சுமந்து செல்லற்கும் மாறா வில்லை ஏற்றது. கற்கத் தொடங்குவார்க்கு அதனால் மற்றுமொரு நன்மை உண்டு. குறள் வெண்பா ஏழு சீரில் முடிதல் வேண்டும் என்னும் வரையறை, புலவனை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கச் செய்கின்றது. அதுபோல, மாறாத குவியத் தூரம் எங்கு நிற்பது என்னும் வினாவை ஒவ்வொரு படத்திற்கும் நம்மை எழுப்பச் செய்யும். மாறும் வில்லை உடையாரும் ஒரு நாள் முழுதும் அதனை 50 மில்லிமீட்டரிலேயே நிறுத்தி வைத்துப் பழகலாம். முதலில் நிற்குமிடத்தைத் தேர்க. பின்னர் வளையத்தைத் திருப்புக. இவ்வொழுங்கு கைவரின் எவ்வில்லையும் நல்வில்லையாம்.