அண்டை நாட்டு வங்கியில் நம் வீட்டுப் பெண்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் சங்கத்துப் பெற்றோர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பிள்ளைக்கு எந்த வங்கியிலாவது பயிற்சிக்கு இடம் கிடைக்குமா?" சான்றிதழ் ஒன்று கைக்கு வந்தால் போதும் என்பதே பலருடைய எண்ணம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவள், கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த நம் நண்பர் மகள் ஒருத்தி. அவள் பயின்று வந்த வரலாற்றை அன்பர்கள் அறிதல் நலம் எனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

2019ஆம் ஆண்டில் வணிகவியல் முதுகலை பயின்றுகொண்டிருந்த அவள், டாக்கா நகரின் மீர்பூரிலுள்ள கிராமீன் வங்கியில் ஆறு வாரம் பயிற்சி பெற விரும்பினாள். அயல்நாட்டு மாணவர்களை அவ்வங்கி ஏற்று வந்தது. ஊதியம் கிடையாது, கட்டணமும் மாணவரே செலுத்த வேண்டும். தந்தைக்கு மனம் ஒப்பவில்லை. "பெண்ணை வேற்று நாட்டுக்கு அனுப்பிவிட்டு எங்ஙனம் உறங்குவது?" என்றார். நம்மிடம் யோசனை கேட்டபோது நாமும் தயங்கினோம். அவளோ, "மாமா, தர்மபுரியில் பாட்டி வீட்டுக்குப் போக இரண்டு இரவு ஆகின்றது, டாக்காவுக்கு ஒரு பகல்தானே?" என்றாள். ரயில்வேயில் எழுத்தராயிருந்தும் அக்கணக்கில் பிழை காண நம்மால் இயலவில்லை.

சித்பூரிலுள்ள கல்கத்தா நிலையத்திலிருந்து மைத்ரி விரைவு வண்டி 2008ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. காலையில் ஏறியவள், கேதே எல்லையைக் கடந்து, 1915இல் திறக்கப்பெற்ற ஹார்டிஞ்சு பாலத்தின்மீது பத்மா நதியையும், பின்னர் யமுனை நதியையும் தாண்டி, மாலையில் டாக்கா சேர்ந்தாள்.

கிராமீன் வங்கியின் தோற்றம் பலரும் கேட்டிருக்கக் கூடியதே. 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்டு மனம் நொந்த பொருளியற் பேராசிரியர் முகம்மது யூனுஸ், 1976இல் சிட்டகாங் பல்கலைக்கழகத்தை அடுத்த ஜோப்ரா சிற்றூரில் 42 பேரின் கடன் தேவையைக் கணக்கிட்டார். மொத்தம் 856 டாக்காவே வந்தது! அத்தொகையைத் தம் கையிலிருந்தே கொடுத்தார். அம்முயற்சி வளர்ந்து 1983இல் தனி வங்கியாயிற்று. 2006இல் யூனுசும் வங்கியும் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நகை, நிலம், பிணை எதுவும் வேண்டாது, ஐவர் கொண்ட குழுக்களாக மகளிரை அமைத்துக் கடன் வழங்குவதே அவ்வங்கியின் முறை.

தலைமை அலுவலகத்தில் சில நாள் இருந்தபின் மாணவர்களைச் சிற்றூர்க் கிளைகளுக்கு அனுப்பினர். தகரக் கூரையிட்ட கொட்டகையில் வாரந்தோறும் கூட்டம் நடக்கும். குழு குழுவாக மகளிர் அமர்ந்து, கடன் புத்தகத்தை நீட்டித் தவணை செலுத்துவர். வரதட்சணை கொடுப்பதில்லை, வாங்குவதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவோம் என்பன போன்ற பதினாறு உறுதிமொழிகளும் அவர்களுக்கு உண்டு.

உடன் வந்த அயல்நாட்டு மாணவர்கள் மொழிபெயர்ப்பாளரை நம்பியிருந்தனர். நம் பெண்ணுக்கோ வங்காளி தெருவில் விளையாடிக் கற்ற மொழி. கூட்டம் முடிந்ததும் அவள் அப்பெண்டிரோடு வீடுவரை நடந்தாள். "கல்கத்தாப் பெண்ணா?" என்று கேட்டார்கள். "கல்கத்தாதான், ஆனால் தமிழச்சி" என்றாள். பேரேட்டில் இல்லாத செய்திகளெல்லாம் அந்த நடையில்தான் கிடைத்தன. கடனில் வாங்கிய பசு பால் வற்றியது, மகளின் பள்ளிச் செலவு, இந்த வாரத் தவணைக்கு அண்டை வீட்டில் கைமாற்று வாங்கியது ஆகிய யாவும் அவள் காதில் விழுந்தன.

"மாமா, பேரேட்டில் 'தவணை வந்தது' என்றுதான் இருக்கும். அது பாலிலிருந்து வந்ததா, இன்னொரு கடனிலிருந்து வந்ததா என்பதை ஆளைக் கேட்டால்தான் தெரியும்" என்றாள். இக்கூற்று சிந்திக்கத்தக்கது. சிறுகடன் ஏழையைக் கைதூக்கியும் விடும். கெடுபிடி மிகுந்தால் கழுத்தையும் நெரிக்கும். ஆந்திரத்தில் சிறுகடன் நிறுவனங்களின் வசூல் முறையால் தற்கொலைகள் நேர்ந்தன என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2010இல் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்ததை நாம் மறக்கலாகாது.

திரும்பி வந்தவளுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அறிக்கை எழுதும்போதுதான், தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்திலேயே தொடங்கப்பெற்றன என்று படித்தாள். பாட்டியைத் தொலைபேசியில் கேட்டாள். "நானும் குழுவில்தானே இருந்தேன், கண்ணு! நீ கேட்கவே இல்லையே!" என்றாராம் அம்மூதாட்டி. டாக்காவில் வங்கி ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே கடன் தருகின்றது; நம் குழுக்களோ முதலில் தாமே சேமித்து, தமக்குள் கடன் கொடுத்துப் பழகி, பின்னர் குழுவாக வங்கியை அணுகுகின்றன. இவ்வேறுபாட்டைப் பாட்டியே விளக்கியதோடு, பழைய தீர்மான நோட்டு ஒன்றையும் அஞ்சலில் அனுப்பி வைத்தார்.

நோட்டு வந்தது. ஆனால் அவளால் அதைப் படிக்க இயலவில்லை! டாக்காவில் கடன் புத்தகத்தைத் தடையின்றிப் படித்தவள், பாட்டியின் கையெழுத்தின்முன் எழுத்துக்கூட்டி நின்றாள். தந்தையார் அருகமர்ந்து வரி வரியாய்ப் படித்துக் காட்டினார். அன்று அவள் கண் கலங்கியதை நண்பர் நம்மிடம் கூறியபோது, அவர் கண்ணும் கலங்கியே இருந்தது. அடுத்த ஞாயிறே நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில், சிறுவர்களுக்கு நடுவே, அவள் வந்தமர்ந்தாள்.

மைத்ரி வண்டி 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டது. நாடுகளுக்கிடையே வழி திறப்பதும் அடைபடுவதும் நம் கையில் இல்லை. ஆதலால் பிள்ளைகளை அனுப்ப எண்ணுவோர் அவ்வப்போதைய விதிகளை விசாரித்தே முடிவு செய்தல் வேண்டும். நம் கையில் உள்ளது ஒன்றுண்டு. பிள்ளைகள் தெருவில் பிறமொழி பேசுவதைக் குறையெனக் கருதற்க. அது நாளை ஒரு கதவைத் திறக்கும். வீட்டிலே தமிழ் எழுத்தையும் கற்பிப்போமாக. ஊரிலிருந்து பாட்டி எழுதியதைப் படிக்க அதுவே வேண்டும்.