வாய் சொல்லாததை உடம்பு சொல்லும்



டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே உங்கள் நடையும் முகமும் கையும் பேசத் தொடங்கிவிடுகின்றன. அந்தப் பேச்சும் வாய்ப்பேச்சும் ஒத்துப் போகாவிட்டால் நோய் தப்பித்துக்கொள்ளும். நம்மவர்களிடம் இந்தக் கோளாறு அதிகம். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் கைகட்டி நின்ற பழக்கம், தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன பின்னும் நம்மை விடவில்லை. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க ஐயா, சும்மா லேசா நோவுதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவோம். ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டோம்!

சுங்கை வேயில் நடந்ததைக் கேளுங்கள். 1970களில் அங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன; கம்பத்துப் பெண்கள் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். 1975-இல் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் 40 மலாய்ப் பெண்களுக்குப் 'பேய் பிடித்தது'. 1978-இல் மறுபடியும். இம்முறை நுண்ணோக்கியைப் பார்த்து வேலை செய்யும் பிரிவில் சுமார் 120 பேர். மூன்று நாள் தொழிற்சாலையை மூடி, போமோவை அழைத்து ஆடு வெட்டினார்கள். மானிடவியல் அறிஞர் ஐவா ஓங் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வேலை நெருக்கடியையும் ஓயாத கண்காணிப்பையும் வாயால் எதிர்க்க முடியாத பெண்கள் உடம்பால் எதிர்த்தார்கள் என்பது அவர் கருத்து. நிர்வாகமும் மருத்துவமும் அதற்கு 'ஹிஸ்டீரியா' என்று பேர் வைத்தன. பேர் வைத்துவிட்டால் அப்புறம் விசாரிக்க வேண்டியதில்லை அல்லவா!

அது கம்பத்துப் பெண்கள் கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு என்று அடிக்கடி கிளினிக் போகிற பெண்ணை "எம்.சி.க்காக நடிக்குது" என்று நாமே சொல்வதில்லையா? இன்னொரு சங்கடமும் உண்டு. மலாய் தெரியாத தாய், பள்ளிக்கூடத்துப் பையனை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறாள். மாதவிடாய்க் கோளாறை அவன் முன்னால் எப்படிச் சொல்வது? 'வயித்து வலி' என்று முடித்துவிட்டுத் தரையைப் பார்க்கிறாள். இப்படிப்பட்ட நேரத்தில் தமிழ் தெரிந்த மிஸ்ஸி இருந்தால் அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். பையன் வெளியே உட்காரட்டும்.

நெஞ்சு வலிக்குக் கையின் பேச்சு மிகவும் முக்கியம். மாரடைப்பு வந்தவர்களில் சிலர் வலியை விரலால் தொட்டுக் காட்டுவதில்லை. முஷ்டியை மடக்கி நடுமார்பில் வைத்துக்கொள்கிறார்கள். இதைக் கவனித்தவர் அமெரிக்க இதய மருத்துவர் சாமுவேல் லெவின். அந்தச் சைகை இன்றும் அவர் பேரால் வழங்குகிறது. அப்படிக் கை போகவில்லை என்றால் மாரடைப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் வரும். ஆகவே மரியாதைக்கென்று கையைக் கட்டிக்கொள்ளாமல், வலி தோளுக்கோ தாடைக்கோ ஓடினால் அந்த வழியை விரலால் கோடிட்டுக் காட்டுங்கள். வீட்டில் வந்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.

நம் தலையாட்டல் வேறு இருக்கிறது. மற்ற இனத்து டாக்டருக்கு அது ஆமாவா இல்லையா என்று விளங்காது. "பஹாம்?" என்று கேட்டால் புரியாமலே "பஹாம், பஹாம்" என்கிறோம். மாத்திரையைக் கையில் வாங்கி, காலையிலா ராத்திரியா, சோத்துக்கு முன்னாலா பின்னாலா என்று விரல்விட்டு அவரிடமே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்.

டாக்டரின் உடம்பும் பேசுகிறது. அமெரிக்காவில் கான்சாஸ் மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மருத்துவர் கட்டிலருகே உட்கார்ந்து பேசியபோது, நின்று பேசியதைவிட அதிக நேரம் இருந்தார் என்றே நோயாளிகள் நினைத்தார்கள். உண்மையில் அவர் அதிக நேரம் இருக்கவில்லை. ஒரு நாற்காலிக்குச் செலவு ஒன்றுமில்லை; ஆனாலும் நம் வார்டுகளில் நின்றபடியே பேசிவிட்டுப் போவதுதான் அதிகம்.

2008-லிருந்து நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உடற்சூடு, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் இவற்றோடு வலியையும் ஐந்தாவதாகக் குறிக்கத் தொடங்கினார்கள். 0 என்றால் வலியில்லை, 10 என்றால் தாங்க முடியாத வலி. எண் சொல்ல வராதவருக்கு முகப் படம் உண்டு. பேச வராத கைக்குழந்தைக்கோ முகச்சுளிப்பு, கால் உதறல், அழுகை, தூக்கினால் அடங்குகிறதா என்பதையெல்லாம் பார்த்து எண் போடுவார்கள். ராத்திரி பிள்ளை எப்படி இருந்தது என்று பார்த்தவர் நீங்கள்தான். அதை மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். உங்கள் முறை வரும்போது, வலி 8 என்றால் 8-ஐயே தொடுங்கள்.