வளவும் காம்பவுண்டும்: பழைய வீடுகளில் கூட்டுக் குடியிருப்பு

ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமையலறையுடன் கூடிய தனி வீடும், எல்லாருக்கும் பொதுவான உணவுக்கூடமும் தோட்டமும் அமைய, குடியிருப்போரே கூடிப் பேசி நிர்வகிக்கும் முறைக்குக் கோஹவுசிங், அதாவது கூட்டுக் குடியிருப்பு, என்று பெயர். டென்மார்க்கில் 1972-இல் 27 குடும்பங்களுடன் தொடங்கிய செட்டெடாமன் இதற்கு முன்னோடி. அது புதிதாகக் கட்டப்பட்டதாயினும், அந்நாட்டின் ரோஸ்கில்டே நகரில் 1981-இல் பழைய இரும்பு வார்ப்படச் சாலையொன்றே குடியிருப்பாக மாற்றப்பட்டது. அமெரிக்காவின் டேவிஸ் நகரிலோ, 1986-இல் அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு இடையிலிருந்த வேலியை எடுத்ததிலிருந்து ஒரு குடியிருப்பு தொடங்கி, பக்கத்து வீடுகளுக்கும் பரவியது.

தமிழ்நாட்டில் கூட்டுக் குடியிருப்புக்கு மிக நெருங்கியது செட்டிநாட்டு வீடு. மணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்பட்டு, முற்றத்தைச் சுற்றிய வளவில் தனி அறையும் தனிச் சமையலும் பெற, முகப்பும் முற்றமும் பொதுவில் நின்றன. தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகி, ஓடு மாற்றுவதற்குக்கூட ஒருமித்த சம்மதம் கிடைக்காமற் போனபோது, பல வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றன.

மதுரைப் பகுதியில் இதற்கு ஏற்ற கட்டடம், செட்டிநாட்டு மாளிகையைவிட எளிய காம்பவுண்டு வீடே எனலாம். ஒரே வாசல், நடுவே குறுகிய நடை, இருபுறமும் எதிரெதிராக ஓரறை வீடுகள், ஒரு கிணறோ போர்வெல்லோ, கோடியில் பொதுக் கழிப்பறை என்பது அதன் வழக்கமான அமைப்பு. அங்கே தண்ணீர் முதல் துணிக்கொடி வரை எல்லாம் பகிரப்பட்டாலும், மோட்டார் எப்போது ஓடும் என்பதை முடிவு செய்பவர் வீட்டுக்காரர்தான். அந்த அதிகாரம் குடியிருப்போர் கைக்கு வராதவரை அதைக் கூட்டுக் குடியிருப்பு என்று கொள்வதற்கில்லை. இரண்டிரண்டு வீடுகளை ஒன்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் கழிப்பறை அமைத்து, ஒரு வீட்டைப் பொதுச் சமையலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்கினால், கட்டட வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

கடினமானது பத்திரம். பலர் சேர்ந்து வாங்கும் சொத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பிரிபடாத பங்கு, அதாவது எல்லை பிரிக்கப்படாத மனையுரிமை; ஒருவர் விலக நேர்ந்தால் பாகப்பிரிவினை வழக்கு வரை போகலாம். எனவே விலகுபவரின் பங்கை மற்றவர்களே முதலில் வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமும் பதிந்துகொள்வது நல்லது. காம்பவுண்டில் வாடகையின்றி மொத்தப் பணம் கொடுத்து ஒத்திக்கு இருப்பவர்களின் தொகையைத் தீர்ப்பது இன்னொரு செலவு. அவர்களை வெளியேற்றிவிட்டுப் புதியவர்களைத் தேடுவதைவிட, அந்தத் தொகையையே பங்காக ஏற்று, ஏற்கெனவே சேர்ந்து வாழப் பழகிய அவர்களை முதல் உறுப்பினர்களாக்குவதே முறை.