இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய வாத்தியார்

நம்ம தாம்பரத்தில் எம்.சி.சி. என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் வழி கேட்க மாட்டார். அந்தச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைப் பெரிதாக வளர்த்தவர் வில்லியம் மில்லர். ஆனால் அவர் தாம்பரத்தில் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியது இல்லை!

மில்லர் 1838-ல் ஸ்காட்லாந்தில் தர்சோ என்ற ஊரில் பிறந்தார். 1862 கடைசியில் மிஷனரியாக மெட்ராஸ் வந்தார். அப்போது வயது 24தான். ஜான் ஆண்டர்சன் என்ற பாதிரியார் 1837-ல் ஆர்மீனியன் தெருவில் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் வேலை. மில்லர் அதில் கல்லூரி வகுப்புகளைச் சேர்த்தார். 1877-ல் அது கிறித்தவக் கல்லூரி ஆனது. 1907 வரை அவர்தான் முதல்வர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தப் பணத்தையும் கல்லூரிக்கே போட்டார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் என்றால் அவருக்கு உயிர், அதைப் பற்றிப் புத்தகங்களே எழுதியிருக்கிறார்.

இதை நான் வீட்டில் படித்துக் காட்டியபோது எங்க ஆயா, "அதெல்லாம் சாமி மாத்தறதுக்குத்தான்டி கட்டினாங்க" என்று சொல்லிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆயா சொன்னதை அப்படியே தள்ளவும் முடியாது. கல்லூரியில் பைபிள் வகுப்பு இருந்தது உண்மை. 1888-ல் ஒரு பிராமண மாணவர் கிறித்தவர் ஆகப் போகிறார் என்று பேச்சு வந்ததும், மாணவர்கள் வகுப்புக்கு வராமல் ஸ்டிரைக் செய்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மிஷன்காரர்களும் மில்லரைக் குறை சொன்னார்கள். இத்தனை செலவு செய்து படிக்க வைக்கிறீர்களே, எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று கேட்டார்கள். தலையை எண்ணுவது தன் வேலை இல்லை என்பது மில்லரின் கருத்து. படிப்பு வழியாக நல்ல எண்ணம் மெதுவாக ஊர் முழுக்கப் பரவும், அதற்கு ரொம்ப காலம் ஆகும் என்று நம்பினார். அவருக்கு முன்பே வங்காளத்தில் வில்லியம் கேரி என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, 1818-ல் செராம்பூரில் எல்லா சாதி, மதப் பிள்ளைகளுக்கும் கல்லூரி தொடங்கியிருந்தார். மில்லர் கல்லூரியிலும் இந்து மாணவர்கள்தான் நிறைய. நாம் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோமே, அந்த ராதாகிருஷ்ணன் இங்கேதான் தத்துவம் படித்தார். கடைசிவரை இந்துவாகவே இருந்தார்.

மில்லர் 1923-ல் ஸ்காட்லாந்தில் இறந்தார். பாரிமுனைப் பக்கம் இடம் போதாமல் கல்லூரி 1937-ல்தான் தாம்பரம், நம்ம சேலையூர் காட்டுக்கு வந்தது. அப்போது வெறும் முள்ளுப் புதர். கெமிஸ்ட்ரி பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நிறைய மரங்கள் நட்டார்கள். இப்போது உள்ளே புள்ளிமான் மேய்கிறது.

இதையெல்லாம் ஆயாவிடம் மறுபடி சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாக, "அங்க பொம்பளப் புள்ளைங்களையும் சேப்பாங்களா?" என்றது.

"சேர்ப்பாங்க ஆயா."

"நம்ம சாமிய கும்பிட்டாலும்?"

"சேர்ப்பாங்க."

"எவ்ளோ மார்க் வேணுமாம்?"