அவர் போன பிறகு பென்ஷன்?

"அவரோட பென்ஷனும் போச்சு. இனிமே மகன் கையைத்தான் எதிர்பார்க்கணும்..." மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்றவரின் மனைவி, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் இப்படிக் கலங்குவது சகஜம். போகவில்லை, அம்மா! கணவர் இறந்த நாள் வரை அவருடைய பென்ஷன். மறுநாள் முதல் உங்கள் பெயரில் குடும்ப ஓய்வூதியம். நீங்கள் வேலைக்குப் போகிறவராக இருந்தாலும், உங்களுக்கே சொந்தமாக பென்ஷன் வந்தாலும் இது உண்டு. (2004 ஜனவரி முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு விதிகள் வேறு.)

எவ்வளவு வரும்? அவர் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அதோடு பஞ்சப்படி. அவர் கமுடேஷன் வாங்கியிருந்தாலும் உங்கள் தொகை அதனால் குறையாது.

ஒரு விஷயத்தை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 67 வயதுக்குள் அவர் இறந்திருந்தால், முதலில் 50 சதவீதம் கிடைக்கும். இறந்ததிலிருந்து 7 வருடம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயதாகும் நாள், எது முந்தியோ அதுவரை. கடைசிச் சம்பளம் 50,000 ரூபாய், இறந்தபோது வயது 62 என்றால், 5 வருடம் மாதம் 25,000, பிறகு 15,000. இது தெரியாமல், திடீரென்று பத்தாயிரம் குறைந்ததே என்று பாங்க்கில் போய் அழுதவர்கள் உண்டு. மருந்துச் செலவு, வாடகை எல்லாவற்றையும் 15,000-க்குள் அடங்கும்படி முதலிலேயே திட்டமிடுங்கள்.

இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பாங்க்குக்குச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் அவர் பெயரில் பென்ஷன் வந்துகொண்டிருந்தால் அதை எடுத்துச் செலவழிக்காதீர்கள். பின்னால் உங்கள் பணத்தில்தான் பிடிப்பார்கள். பென்ஷன் புத்தகம் (பி.பி.ஓ.), உங்கள் வயதுச் சான்று, ஆதார் நகல்களையும் எடுத்துப் போங்கள். பி.பி.ஓ.வில் உங்கள் பெயர் இருந்து, அந்தக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தால் ஒரு விண்ணப்பக் கடிதம் போதும். புதுக் கணக்கு தொடங்கச் சொல்லி பாங்க் வற்புறுத்தக் கூடாது. அதனால் துக்கத்தோடு துக்கமாக அந்த ஜாயின்ட் அக்கவுன்ட்டை மூடிவிடாதீர்கள்! கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால் தனிப் படிவம் நிரப்ப வேண்டும்.

அலைச்சல் பெரும்பாலும் பெயரால்தான் வரும். பி.பி.ஓ.வில் 'லட்சுமி', ஆதாரில் 'லட்சுமியம்மாள்'! கணவர் நலமாக இருக்கும் வீடுகளில் இன்று சாயங்காலமே அந்தப் புத்தகத்தைப் பிரித்து, உங்கள் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அவர் கையெழுத்துப் போட இருக்கும்போது திருத்துவது சுலபம்.

தமிழக அரசு பென்ஷன் என்றால் பாங்க்கில் நிற்க வேண்டாம், கருவூலத்துக்குப் போங்கள்.

பணம் வரத் தொடங்கியபின், மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியதாரர்கள் வருடாவருடம் நவம்பரில் உயிர்ச் சான்று தர வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே தரலாம். முட்டி வலியோடு பாங்க் படி ஏற முடியாதவர்கள் பேரனைக் கூப்பிடுங்கள். செல்போனில் முகத்தைக் காட்டியே 'ஜீவன் பிரமாண்' பதிவு செய்துவிடலாம்.