பொன் மைக்கின் முன் முப்பத்திரண்டு ஆண்டுகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நண்பகல் பன்னிரண்டு மணி அடித்துச் சில நிமிஷங்கள் ஆனதும், நெடுஞ்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டு போகிறவரும், பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவரும், பரந்த வயலின் நடுவே டிராக்டரின் மேல் தனியாக அமர்ந்திருக்கிற விவசாயியும் முப்பத்திரண்டு வருஷங்களாக எந்தக் குரலுக்காக ரேடியோவைத் திருப்பி வந்தார்களோ, அந்தக் குரல் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி, புதன்கிழமையன்று வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெண்மணியின் குரல் கேட்டது. நேயர்கள் கேட்க வந்த லிம்பா தாம் அல்லர் என்று தொடங்கிய அந்த அம்மாள், தம் கணவர் ரஷ் லிம்பா அன்று காலை நுரையீரல் புற்றுநோயால் காலமானார் என்ற செய்தியை, அவர் தினந்தோறும் பேசிவந்த அதே நிகழ்ச்சியிலேயே அறிவித்தார். வலதுசாரி அரசியல் பேச்சாளரான அவருக்கு வயது எழுபது.

இந்த மரணத்தால் தேசம் இரண்டுபட்டது என்று எழுதினால் பிழையாகும். ஏற்கெனவே இரண்டுபட்டுக் கிடந்த தேசம் இதை இரண்டு விதமாக வாங்கிக்கொண்டது. ஒரு சாரார் உடன்பிறந்த தமையனைப் பறிகொடுத்தவர்கள்போலத் துக்கப்பட்டார்கள். மற்றொரு சாராரில் பலர் தங்கள் சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலவில்லை. ஃப்ளோரிடா மாநிலத்தின் கவர்னர் கொடிகளை அரைக் கம்பத்தில் பறக்கவிட உத்தரவிட, அதே மாநிலத்தின் விவசாய கமிஷனரோ தம் இலாகாவின் அலுவலகங்களில் கொடி இறங்காது என்று சொல்லிவிட்டார்.

இழவு வீட்டுக்குப் போய் இறந்தவரின் குற்றங்குறைகளைப் பேசுவது நம்மவர்களுக்கு அடுக்காத காரியம். திண்ணையில் சற்று உட்கார்ந்து, "நல்ல மனுஷன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவது வழக்கம். அந்த வழக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் பிறர் வீட்டுச் சாவையே ஒரு காலத்தில் தம் நிகழ்ச்சியில் பரிகாசப் பொருளாக ஆக்கிய ஒருவர் தாமே சாகும்போது, அந்த மரியாதையை அவருக்காக யாரிடம் போய்க் கேட்பது? லிம்பாவை நினைவுகூர்கிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

மிஸிஸிப்பி நதிக்கரையில், மிஸௌரி மாநிலத்தின் கேப் ஜிரார்டோ என்ற ஊரில், 1951 ஜனவரி 12-இல் அவர் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக வக்கீல்கள் நிறைந்த குடும்பம். பாட்டனார் நூறு வயதைக் கடந்தும் தொழிலை விடாதவர். 1950-களின் இறுதியில், அமெரிக்கச் சட்டமுறையை எடுத்துச் சொல்வதற்காக அந்நாட்டு அரசாங்கத்தால் நம் இந்தியாவுக்கே அனுப்பப்பட்டவர். இத்தகைய வீட்டுப் பிள்ளைக்குக் கோர்ட்டைவிடப் பாட்டுத் தட்டுதான் பிடித்திருந்தது. பதினாறு வயதில், தகப்பனாருக்குப் பங்கிருந்த உள்ளூர் ரேடியோ நிலையத்தில், வேறு பெயர் வைத்துக்கொண்டு பாட்டுப் போட ஆரம்பித்தார். கல்லூரிப் படிப்பை ஒரு வருஷத்தில் விட்டார். ஊர் ஊராகப் போய், நிலையத்துக்கு நிலையம் வேலையிழந்து, நடுவில் கான்ஸஸ் நகரத்துப் பேஸ்பால் குழு ஒன்றின் அலுவலகத்தில் சில வருஷங்கள் உத்தியோகமும் பார்த்துவிட்டு, முப்பத்து மூன்றாம் வயதில், 1984-இல், கலிஃபோர்னியாவின் ஸாக்ரமெண்டோ நகரத்து நிலையத்தில் வந்து சேர்ந்தபோதுதான், பாட்டே இல்லாமல் பேச்சால் மட்டும் ஜனங்களைப் பிடித்து வைக்கத் தம்மால் முடியும் என்பதைக் கண்டுகொண்டார்.

அவருடைய சாமர்த்தியம் பெரிதுதான்; ஆயினும் அது முளைத்த மண்ணைச் சற்றுத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஆகாயத்து அலைவரிசைகள் பொதுஜனங்களின் சொத்து, அவை எண்ணிக்கையில் அடங்கியவை, ஆகையால் உரிமம் பெற்ற நிலையம் எதுவும் சர்ச்சைக்குரிய பொது விஷயத்தில் ஒரு கட்சியை மட்டும் பேசிவிட்டுப் போகலாகாது, மறு கட்சிக்கும் நியாயமான இடம் தர வேண்டும் என்று 1949 முதல் அமெரிக்காவில் ஒரு விதி இருந்து வந்தது. ரேகன் ஜனாதிபதியாக இருந்த காலத்தில், 1987 ஆகஸ்டில், ஒலிபரப்பை மேற்பார்க்கும் ஆணையமே அந்த விதியைக் கைவிட்டது. அதற்குச் சற்று முன்பு அதைச் சட்டமாகவே ஆக்கிவிடக் காங்கிரஸ் சபைகள் முயன்றபோது ரேகன் தம் தடையதிகாரத்தைப் பிரயோகித்திருந்தார். இதே சமயத்தில் சங்கீதம் முழுவதும் துல்லியமான ஒலி தருகிற பண்பலைக்குக் குடிபெயர்ந்துவிட, பழைய மத்திய அலை நிலையங்கள் ஆள் போன சத்திரம்போல வெறிச்சோடிக் கிடந்தன. தினம் மூன்று மணி நேரத்தைத் தனியொருவராகப் பேசி நிரப்பக்கூடிய ஆள் ஒருவர் கிடைப்பார் என்றால், அந்த நிலையங்களுக்கு அது வரப்பிரசாதம் அல்லவா? நிகழ்ச்சி செயற்கைக்கோள் வழியாக நிலையங்களுக்கு வந்து சேரும். அதற்கு ஈடாக, விளம்பர நேரத்தில் ஒரு பகுதியை நிகழ்ச்சியை அளித்த கம்பெனி விற்றுக்கொள்ளும். 1988 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து ஐம்பத்தாறு நிலையங்களில் தொடங்கிய அந்தப் பேச்சு, பிற்காலத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட நிலையங்களில் ஒலித்தது. தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்லவே அனுமதியில்லாத நம் நாட்டில் இருந்துகொண்டு இதைக் கற்பனை செய்வதுகூடச் சற்றுக் கஷ்டம்.

பேச்சு எப்படி இருந்தது? விருந்தினர்கள் அபூர்வம், தொலைபேசியில் வருகிற நேயர்களும் சிலரே, அவர்களும் உதவியாளர் ஒருவரால் முன்கூட்டியே சல்லடை போட்டு எடுக்கப்பட்டவர்கள். மற்ற நேரமெல்லாம் ஒரு மனிதர், ஒரு மேஜை, பொன் முலாம் பூசிய ஒரு மைக், அன்றைய பத்திரிகைகளிலிருந்து எடுத்த ஒரு கட்டுக் காகிதம். அந்தக் காகிதத்தை மைக்கின் முன் சரசரவென்று உதறுவார், மேஜையைத் தட்டுவார், ஒரு வாக்கியத்தின் நடுவில், கேட்கிறவன் ரேடியோ நின்றுவிட்டதோ என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மௌனமாக இருந்துவிட்டு, பிறகு மீதியைத் தாழ்ந்த குரலில் முடிப்பார். தம் திறமை கடவுளிடமிருந்து இரவல் வாங்கியது என்று தம்பட்டம் அடித்துக்கொள்வார். அதைச் சொல்லும்போதே அந்தத் தம்பட்டத்தைப் பார்த்துத் தாமும் சிரிப்பார். தொலைபேசியில் வருகிறவர்கள் ஆளுக்கு ஆள் புகழ்மாலை சூட்டி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தபோது, ஒரு நேயர் தமக்கு முன்னால் பேசியவர் சொன்னதையே தாமும் சொல்வதாக எண்ணிக்கொள்ளும்படி 'டிட்டோ' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள, அதுவே சடங்காகி, அவருடைய ரசிகர்களுக்கு 'டிட்டோ தலையர்கள்' என்ற பட்டமும் நிலைத்துவிட்டது. பரிகாசமாகப் பிறந்த அந்தப் பெயரை அவர்கள் பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். நகரத்துப் படிப்பாளிகளும் பெரிய பத்திரிகைகளும் தங்களை ஏளனமாகப் பார்க்கிறார்கள் என்று நெடுங்காலமாக மனத்துக்குள் குமைந்துகொண்டிருந்த லட்சக்கணக்கான ஜனங்களுக்கு, தங்கள் மனத்தில் உள்ளதைத் தங்களைவிட நன்றாகச் சொல்லவும், சொல்லிச் சிரிக்கவும் ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற ஆறுதலை அவர் அளித்தார் என்பதை மறுப்பது அநியாயம்.

அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரித்தது என்பதுதான் வழக்கு. எய்ட்ஸ் நோயால் வாலிபர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்துகொண்டிருந்த காலத்தில், அந்த நோயைப் பற்றிய 'சமாச்சாரம்' என்று ஒரு பகுதி வைத்து, அதற்கு முன்னுரையாகக் கேலியான பாட்டுகளைப் போட்டார். பிறகு அதற்காக வருந்தி நிறுத்தியும் விட்டார். பெண்ணுரிமை பேசியவர்களை ஹிட்லரின் கட்சியோடு முடிச்சுப் போடும் ஒரு வசைச் சொல்லை நாடெங்கும் பரப்பினார். 2006-இல், நடுக்குவாதத்தால் பீடிக்கப்பட்ட நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் ஒரு தேர்தல் விளம்பரத்தில் தோன்றியபோது, அவர் மருந்தை நிறுத்திவிட்டாரோ, அல்லது நடிக்கிறாரோ என்று கேட்டதோடு நில்லாமல், நாற்காலியில் இருந்தபடியே அந்த நடுக்கத்தைத் தம் உடம்பால் ஆடியும் காட்டினார். ரேடியோவில் உடம்பை ஆட்டினால் யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். சந்தா கட்டிய ரசிகர்கள் பார்ப்பதற்கென்று அந்த அறையில் ஒரு காமிராவும் இருந்தது. 2012-இல், கருத்தடை மருந்துக்குக் காப்பீட்டில் இடம் வேண்டும் என்று சாட்சியம் அளித்த ஒரு சட்டக் கல்லூரி மாணவியை நடத்தைகெட்டவள் என்று பொருள்படும் சொற்களால் நாள்கணக்கில் ஏசினார்; விளம்பரதாரர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகத் தொடங்கிய பிறகே மன்னிப்புக் கேட்டார்.

இந்தச் சந்தர்ப்பங்களிலெல்லாம் அவரும் அவருடைய அபிமானிகளும் சொன்ன சமாதானம், அவர் ஒரு கேளிக்கைக்காரர், ஹாஸ்யத்தை ஹாஸ்யமாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர்களே கோபிக்கிறார்கள் என்பது. எனக்கு இது ஒப்பவில்லை. 1994 தேர்தலில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் வசமானபோது, புதிதாக வந்த உறுப்பினர்கள் அவரை அழைத்துக் கௌரவ உறுப்பினராக்கிக் கொண்டாடினார்கள். அந்த மாலையை ஒரு கோமாளிக்கு இட்டதாக நினைத்து அவர் கழற்றி வைக்கவில்லை. புகழ் வந்தபோது தலைவராகவும், பழி வந்தபோது விதூஷகராகவும் அவர் இருந்தார். அந்த இரட்டை வேஷத்துக்குக் கிடைத்த சன்மானமும் குறைவன்று: 2008-இல் அவர் செய்துகொண்ட எட்டு வருஷ ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 40 கோடி டாலர்.

ஆனாலும் அவருடைய ஜீவிதத்தில் ஒரு பகுதியை நினைத்தால், எதிரிக்கும் மனம் இளகும். காதையும் வாயையும் நம்பிப் பிழைத்த அந்த மனிதருக்கு 2001-இல், சில மாதங்களுக்குள், கேட்கும் சக்தி ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. தம் குரலே தமக்குக் கேட்காத நிலையிலும் நிகழ்ச்சியை நிறுத்தாமல், நேயர் சொல்வதை உதவியாளர் தட்டெழுத்தில் அடித்துத் திரையில் காட்ட, அதைப் படித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்; அவ்வருஷ இறுதியில் ரண சிகிச்சை செய்து உட்செவியில் ஒரு மின்கருவி பொருத்தப்பட்ட பிறகே ஓரளவு கேட்கலாயிற்று. பேச்சைத் தொழிலாகக் கொண்டவர்களின் சரித்திரத்தில் இதற்கு ஒப்பான பிடிவாதத்தை நான் அதிகம் கண்டதில்லை. இரண்டு வருஷங்களுக்குப் பின், வலி மாத்திரைகளுக்குத் தாம் அடிமையாகிவிட்டதை அவரே ஒலிபரப்பில் ஒப்புக்கொண்டு சிகிச்சைக்குப் போனார். போதைப் பழக்கம் உள்ளவர்களைச் சிறையில் தள்ள வேண்டும் என்று 1995-இல் உபதேசித்தவர் அவர். தமக்கு நேர்ந்தபோது, தம் நேயர்களிடமிருந்து அனுதாபத்தை எதிர்பார்த்தார், பெற்றார். அதே அனுதாபம் தமக்கு அப்பாலும் போகலாம் என்று அவர் பிறகும் அதிகமாகப் பேசியதாகத் தெரியவில்லை.

இன்னொரு முரண் அவர் விரும்பிப் புகைத்த சுருட்டு. பிறர் விடும் புகை கேடு செய்யும் என்ற வைத்தியர்களின் எச்சரிக்கையை அவர் வெகு காலம் எள்ளி நகையாடி வந்தார். 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி, தம் நுரையீரலில் முற்றிய புற்றுநோய் இருப்பதாக நேயர்களுக்குச் சொன்னார். மறுநாள் இரவே, காங்கிரஸில் ஜனாதிபதி டிரம்ப் வருஷாந்தரப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கையில், மேல்மாடத்தில் அமர்ந்திருந்த லிம்பாவின் கழுத்தில், ஒரு குடிமகனுக்கு அந்நாடு தரக்கூடிய மிக உயர்ந்த பதக்கத்தை ஜனாதிபதியின் மனைவி அணிவித்தார். அவையின் ஒரு பாதி எழுந்து ஆரவாரித்தது. அம்மாதம் முடிவதற்குள், பரவிக்கொண்டிருந்த கொரோனாவைச் சாதாரண ஜலதோஷத்தோடு ஒப்பிட்டுப் பேச அவருக்கு அவகாசம் இருந்தது.

அவருடைய நிகழ்ச்சியைக் கேட்டுத் தனிமை தீர்ந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்டுப் புண்பட்டவர்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது ஒரே குரலை. தோளில் கைபோட்டு அழைத்துப்போன அந்தக் குரலின் கவர்ச்சியில் பாதி, வழியில் யாரையாவது கைகாட்டிச் சிரித்ததில் இருந்தது. அதனால் அவரைப் பற்றிய நினைவுக் குறிப்பில் அந்த வசைகளை விட்டுவிட்டு நட்பை மட்டும் எழுதுகிறவரும், நட்பை விட்டுவிட்டு வசையை மட்டும் எழுதுகிறவரும் வேறு யாரையோ பற்றி எழுதுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஸெயிண்ட் லூயி நகரத்துப் பழைய மயானம் ஒன்றில் அவர் அடக்கமாகியிருக்கிறார். மிஸௌரியின் தலைநகரமான ஜெஃபர்ஸன் நகரில், மார்க் ட்வெயினும் ஹாரி ட்ரூமனும் இடம்பெற்ற மாநிலப் புகழாளர் மண்டபத்திலே அவருக்கும் வெண்கலத்தில் ஒரு மார்பளவுச் சிலை உண்டு. விடுதலை கோரி வழக்காடிய கறுப்பின அடிமை ட்ரெட் ஸ்காட்டையும் லிம்பாவையும் அந்தக் கௌரவத்துக்கு மாநிலச் சட்டசபையின் ஒரே சபாநாயகர்தான் தேர்ந்தெடுத்தார். லிம்பாவின் சிலை 2012 மே மாதத்தில், அழைக்கப்பட்டவர்களை மட்டும் உள்ளே விட்டுக் கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு, அவர் முன்னிலையிலேயே திறக்கப்பட்டது. யாரும் வந்து சேதப்படுத்திவிடாமல் இருக்க, அதைக் கண்காணிக்க ஒரு காமிராவும் வைத்தார்கள்.